நீலியின் முடிவுகள்: பழையனூரிலிருந்து தொம்மலூர் வரை

2023 ஆகஸ்டு 3 அன்று பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டில் அஸ்டாரியன் என்றொரு துணைவன் வருகிறான். அவன் இரத்தக்காட்டேரி. இருநூறு ஆண்டுகள் கசடோர் என்னும் மூத்த காட்டேரிக்கு அடிமையாய்க் கிடந்தவன். மூளைக்குள் புகுத்தப்பட்ட ஒரு புழுவின் பயனாக ஆண்டானின் பிடி தளர்ந்து, வெயிலில் நடக்கும் வாய்ப்பும் தற்செயலாகப் பெற்றவன். ஆடுபவர் அவனை நண்பனாகக் கொள்ளலாம், காதலிக்கலாம், விரட்டலாம். தொடக்கத்தில் ஓர் இரவு அவன் உறங்குபவரின் கழுத்தருகே பல்லுடன் குனியும்போதே கொன்றுவிடவும் விளையாட்டு இடம் தருகிறது. அவ்வாறு கொல்லாமல் மூன்றாம் பகுதிவரை அழைத்துச் செல்வோர் ஒரு தீர்ப்பை எதிர்கொள்கின்றனர். கசடோர் தனக்கென ஏற்பாடு செய்திருந்த சடங்கை அஸ்டாரியனே முடித்து, ஏழாயிரம் அடிமைக் காட்டேரிகளைப் பலியிட்டுப் பேராற்றல் பெறலாம். சடங்கைக் கைவிட்டு, அடிமைக்காட்டேரியின் உடலோடும் ஆனால் ஆண்டான் இன்றியும் வாழலாம். முதல் வழியில் சூரியன் அவனுக்கு நிலைக்கும். காதலித்தவர் அவனுக்கு அடங்கிய காட்டேரியாவார். இரண்டாம் வழியில் காதல் சமநிலையில் தொடரும். ஆனால் கதை முடியும் நேரத்தில் வெயில் பட்டு அவன் தோல் எரிய, துறைமுகத்து நிழலைத் தேடி அவன் ஓட வேண்டியிருக்கும்.

எது சரியான முடிவு என்ற வாதம் உலகெங்கும் ஆடுவோரிடையே இன்றும் ஓயவில்லை. வதைபட்டவன் தன்னை வதைத்தவனாகவே மாறுவதை வெற்றி எனலாமா என்பர் ஒரு சாரார். இருநூறு ஆண்டுகள் தன் உடல்மீதே உரிமையற்றிருந்தவனுக்கு ‘அடக்கமே அழகு’ என்று அறிவுரை கூறக் காதலருக்கு என்ன தகுதி என்பர் மறுசாரார். இரு தரப்பும் காதலைச் சான்றாகக் கொண்டுவருகின்றன. உண்மையாகக் காதலித்தவர் அவனைத் தடுப்பார் என்று ஒரு தரப்பும், உண்மையாகக் காதலித்தவர் அவன் விருப்பத்துக்கு விடுவார் என்று மறுதரப்பும் கூறுகின்றன.

தமிழ் இலக்கிய வரலாறு பயில்வோருக்கு இவ்வாதம் புதிதன்று. உயிர்குடிக்கும் பேய் ஒன்று துணையாய், மனைவியாய், காதலியாய் வந்தால் அக்கதை எங்கே முடிய வேண்டும் என்று தமிழ்நிலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வந்துள்ளது. அப்பேயின் பெயர் நீலி. அவளுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உண்டு. அவை ஒரு திரையில் தெரிவுகளாகத் தோன்றாமல், சைவரும் சமணரும் வில்லுப்பாட்டுக் கலைஞரும் மலையாள ஐதிகக்காரரும் தத்தம் தேவைக்கேற்ப எழுதியும் பாடியும் வைத்தவையாக இருக்கின்றன.

இவ்வரலாற்றைப் பெங்களூரின் தொம்மலூரில் நின்று நோக்குவதற்குக் காரணம் உண்டு. இன்று மென்பொருள் அலுவலகங்களும் மேம்பாலமும் சூழ்ந்த இப்பகுதி ஒரு பழைய ஊர். இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெயர் கேட்டோர் சிவன் கோயில் எனக் கருதுவர். உள்ளே எழுந்தருளியிருப்பவர் திருமால், சொக்கப்பெருமாள். ஊர்ப்பெயர் கல்வெட்டில் தொம்பலூர். பி. லூயிஸ் ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராபியா கர்னாடிகா’வின் பெங்களூர் மாவட்டத் தொகுதி இக்கல்வெட்டுகளை அறிஞருலகுக்கு அளித்தது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போசள வீரராமநாதனின் ஆட்சி தமிழ்நாட்டின் ஒரு பகுதியையும் இன்றைய பெங்களூர், கோலார் வட்டாரத்தையும் இணைத்திருந்தது என்பதை நினைத்தால், இங்கே தமிழில் கொடை எழுதப்பட்டதில் வியப்பில்லை. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டோன்மென்ட் அமைந்தபோது, வடஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர் அல்சூரிலும் அதனைச் சுற்றியும் பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்களுள் தொண்டைமண்டல வேளாள முதலியார்களும் இருந்தனர். பழையனூர் நீலி கதையில் உயிர்விட்ட எழுபதின்மரைத் தம் முன்னோராகப் போற்றும் மரபினர் அவர்கள். 2025 ஆகஸ்டு 28 அன்று வெளிவந்த ‘லோகா’ என்னும் மலையாளத் திரைப்படம் நீலியை இரத்தம் அருந்தும் சாவாப் பெண்ணாகப் பெங்களூரில் குடியேற்றியது. ஆயின் அவள் கதையை இந்நகரம் முதன்முதலாகக் கேட்டது திரையரங்கில்தான் என்று கொள்ளத் தேவையில்லை.

பழையனூர், திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். கதையின் சைவ வடிவம் சுருக்கமாக இது. வணிகன் ஒருவன் வழிநடையில் பழையனூருக்கு வருகிறான். முற்பிறவியில் அவன் தன் மனைவியைக் கொன்றவன். கொலையுண்டவள் பேயாகி அவனைத் தொடர்கிறாள். அவன் மனைவியின் உருவெடுத்து, கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர் வேளாளர் எழுபதின்மர் முன் நின்று, தன்னைக் கைவிட்டுச் செல்லும் கணவனைத் தன்னோடு சேர்த்துவைக்குமாறு அழுகிறாள். இவள் பேய், தன்னைக் கொல்ல வந்தவள் என்று வணிகன் கதறுகிறான். குழந்தையோ அவனை அப்பா என்றழைத்து அவன் மடியில் ஏறுகிறது. எழுபதின்மர் ஆராய்ந்து, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று அவனுக்கு உறுதி கூறி, அவன் காவலாக வைத்திருந்த வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓரறையில் தங்கவைக்கின்றனர். பொழுது விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் தீயில் இறங்கி உயிர்விடுகின்றனர்.

7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாட்டில், நட்புப் பாராட்டி வஞ்சித்து உயிர்கொண்ட ஒருத்தியைக் குறிக்கிறார். உரைமரபு அவளை நீலி என்றே கொள்ளும். உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கூறப்படும் சேக்கிழார் புராணம் எழுபதின்மரின் சொல்பிழையாமையை வேளாள குலத்தின் பெருமைகளுள் ஒன்றாக எடுத்துப் பாடுகிறது. அக்குலத்தில் தோன்றியவர் சேக்கிழார். ஆகவே அந்நூலில் அக்கதைக்குரிய இடமும் அதுவே. குலப்பெருமை சொல்ல வந்த நூலில் நீலி ஒரு கருவி. எழுபதின்மரின் வாய்மையைச் சோதிக்க ஒரு வஞ்சம் வேண்டும்; அவ்வஞ்சத்தைச் செய்ய ஒருத்தி வேண்டும்.

இங்கே நின்று வழக்கை மறுபடி படிக்கலாம். மன்றின் முன் இரு கூற்றுகள் வந்தன. வணிகன் கூற்று உண்மை: அவள் பேய். நீலியின் கூற்று பொய்: அவள் இப்பிறவியின் மனைவி அல்லள், அக்குழந்தை குழந்தையும் அன்று. மன்றம் கண்ட சான்றின்படி தீர்ப்பளித்துத் தவறியது. ஆயின் மன்றின் முன் வராத மூன்றாவது வழக்கு ஒன்றுண்டு: முதற்கொலை. தன் மனைவியைக் கொன்றவன் அவன் என்பதை எவரும் விசாரிக்கவில்லை. அவளும் அதை முறையிடவில்லை. பேயாகிய பின்னும், ‘இவன் என்னைக் கொன்றான்’ என்று மன்றில் கூறாமல், ‘இவன் என்னைக் கைவிட்டான்’ என்றே அவள் அழ வேண்டியிருந்தது. மன்றம் செவிகொடுக்கக்கூடிய முறையீடு அது ஒன்றே என அவள் அறிந்திருந்தாள் போலும். கதையைப் பேய் பற்றியதாகவும் வாய்மை பற்றியதாகவும் மட்டும் வாசித்தவர் இவ்விடத்தை எளிதில் கடந்து போயினர்.

மொழியோ கடந்து போகவில்லை. தன் தீர்ப்பை எழுதியே வைத்துக்கொண்டது. ‘நீலிக்கண்ணீர்’ என்றால் பொய்யழுகை. பழையனூர் எங்கிருக்கிறது என்று அறியாதவரும் நாளும் வழங்கும் சொல் இது. காவல் நிலையத்திலும் குடும்ப நீதிமன்றத்து வாசலிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் ஒரு பெண் அழுதால் அவள்மீது எறிவதற்கு அணியமாக இருக்கும் சொல். நீலியின் கதைக்கு எத்தனையோ முடிவுகள் உண்டாயினும், எழுபதின்மரின் மன்றத்தில் தொடங்கி அங்கேயே முடியும் வடிவத்தின் முடிவே வழக்குச்சொல்லாக உறைந்தது. கதையின் தொடக்கம் எங்கே வைக்கப்படுகிறதோ அதற்கேற்பவே அதன் முடிவின் நியாயம் அமைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இப்பெயருக்கு இன்னொரு பழைய முகமும் உண்டு. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கோவலனின் முற்பிறப்பை உரைக்கிறது. பரதன் என்பவனாக இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக் கொலைப்படுத்தினான். சங்கமனின் மனைவி பதினான்கு நாள் அலைந்து முறையிட்டு, மலையேறி விழுந்து உயிர்விடும்போது சாபமிட்டாள். அவள் பெயரும் நீலி. இளங்கோவடிகளின் நீலியும் பழையனூர் நீலியும் ஒருவரே எனக் கூறுவது மிகை. ஆயினும் அநீதியாய் நிகழ்ந்த ஒரு கொலையின் கடன், பிறவி கடந்தேனும் தீர்க்கப்படும் என்ற எண்ணம் இரண்டிடத்தும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பதைப் புறக்கணிக்கவும் இயலாது. சிலப்பதிகாரத்தில் அவள் கண்ணீரைப் பொய் என்று எவரும் கூறவில்லை.

சமணர் நீலிக்கு அளித்த முடிவு முற்றிலும் வேறு. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய ‘நீலகேசி’, அ. சக்கரவர்த்தியின் பதிப்பாகச் சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு 1936இல் அச்சேறியது. பாஞ்சால நாட்டில் காளிகோயில் ஒன்றுக்குப் பலியிட வந்தோரை முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் தடுத்து, உயிருள்ள விலங்குக்கு மாற்றாக மண்ணாற் செய்த உருவை வைக்குமாறு கூறுகிறார். பலியிழந்த காளி தென்திசைப் பழையனூரின் நீலியிடம் முறையிடுகிறாள். நீலி வந்து முனிவரை அச்சுறுத்திப் பார்க்கிறாள், அவர் அசையவில்லை. அடுத்து அழகிய பெண்ணுருவெடுத்து மயக்க முயல்கிறாள். முனிவர் தம் ஞானத்தால் அவளை அறிந்து, அறிந்ததைச் சொல்லியும் விடுகிறார். நீலி உண்மையை ஒப்புக்கொண்டு அறம் கேட்கிறாள்.

பேய் துணையாய் வரும் கதைகளுள் இவ்விடம் தனித்துவமானது. ஆண் மயங்கி அழியவும் இல்லை, பேயைக் கொன்று ஒழிக்கவும் இல்லை. காதல் நடிப்பு கலைந்த அதே இடத்தில் ஓர் உரையாடல் தொடங்குகிறது. காப்பியத்தின் பத்துச் சருக்கங்களில் கதை முதற்சருக்கத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஏனைய ஒன்பதும் வாதம். குண்டலகேசி, அர்க்கசந்திரன், மொக்கலன், புத்தர் எனப் பௌத்தத் தரப்பினர் நால்வரோடும், பின்னர் ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதம், பூதவாதம் ஆகியவற்றின் ஆசிரியரோடும் அவள் வாதிட்டு வெல்கிறாள். பழையனூரில் பொய்யழுகையாற் பேசியவள் இங்கே அளவையியலாற் பேசுகிறாள். தமிழ்க் காப்பியங்களில் இத்தனை நீண்ட தருக்கத்தை ஒரு பெண்ணின் வாயில் வைத்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்றன் தலைவி பேய் என்பது கருதத்தக்கது.

எனினும் இம்முடிவுக்கும் ஒரு விலை உண்டு. நீலகேசியில் முதற்கொலை இல்லை. கணவன் இல்லை, வணிகன் இல்லை, கள்ளி இல்லை. அவள் ஏன் பேயானாள் என்ற கேள்வியே எழவில்லை. காளியின் வேண்டுகோளோடு அவள் கதை தொடங்குவதால், அவள் விடவேண்டியது கொடுமையை மட்டுமே. பெறவேண்டிய நியாயம் எதுவும் நூலின் கணக்கில் இல்லை. சமணம் அவளுக்கு அறிவையும் சொல்லையும் அளித்து, நினைவைத் தள்ளுபடி செய்தது. பௌத்தத்தை மறுப்பதே நோக்கமாகிய நூலிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் முறையன்று.

ஆயினும் அகற்றப்பட்ட அக்கொலை வேறு வாயில் வழியாக நூலுக்குள் திரும்பி வருகிறது. நீலகேசி முதலில் எதிர்கொள்ளும் குண்டலகேசியின் வரலாறு உரையில் காணப்படுகிறது. வணிகர் மகளாகிய அவள், கொலைத்தண்டனை பெற்று இழுத்துச் செல்லப்பட்ட கள்வன் ஒருவனைக் கண்டு காதல்கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணம்முடித்து வைக்கிறார். ஊடலில் ஒருநாள் ‘நீ கள்வன் அல்லையோ’ என்று அவள் சொன்ன சொல்லுக்காக, கணவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளிவிடத் துணிகிறான். சாகுமுன் உம்மை வலம்வந்து வணங்க வேண்டும் என்று கூறிப் பின்புறம் வந்தவள், அவனையே தள்ளிவிடுகிறாள். பின்னர் துறவு, கல்வி, வாதம், பௌத்தம். பாலி மரபு பத்தா குண்டலகேசா என்னும் தேரியைப் பற்றிக் கூறுவதும் இதை ஒத்ததே. கணவன் கையால் இறந்து பேயானவளின் பெயர் தாங்கியவளும், கணவன் கையால் இறக்க மறுத்தவளும் எதிரெதிரே அமர்ந்து தருக்கம் பேசும் அவையாக அச்சருக்கத்தை வாசிக்கலாம். நூலாசிரியர் அவ்வாறு எண்ணியிருக்க வேண்டுவதில்லை. குண்டலகேசிக் காப்பியம் சில பாடல்கள் நீங்கலாக அழிந்துபோனதால், அவளுடைய தரப்பைத் தமிழில் முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு இன்று இல்லை. தோற்றவளின் நூல் மறைந்தது. வென்றவளின் நூல் நின்றது.

பழையனூருக்கே திரும்பினால், திருவாலங்காட்டில் இன்னொரு பேய் இருப்பதைக் காணலாம்: காரைக்கால் அம்மையார். மனைவியின் தெய்வத்தன்மை கண்டு அஞ்சிப் பரமதத்தன் வேற்றூர் சென்று வேறு மணம் செய்கிறான். பிறந்த மகளுக்கு அவள் பெயரையே இடுகிறான். தேடி வந்தவளின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். கணவனுக்காகத் தாங்கிய தசையை உதறிப் பேய்வடிவை அருளுமாறு புனிதவதி இறைவனை வேண்டுகிறாள். பெரியபுராணம் இதை 12ஆம் நூற்றாண்டில் விரித்துரைத்தது. அம்மையாரின் பாடல்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஆலங்காட்டு இறைவனின் திருவடிக்கீழ் அமர்ந்து பாடும் பேரை அவள் பெற்றாள். ஒரே சுடுகாட்டின் எல்லைக்குள் இரண்டு பேய்மகளிர்: கணவனாற் கொல்லப்பட்டுப் பேயானவள் வஞ்சகி என்று பேர்பெற்றாள், கணவனால் அஞ்சி விலக்கப்பட்டுப் பேயுருவைத் தானே வேண்டிப் பெற்றவள் நாயன்மாருள் ஒருவரானாள். இரண்டாமவள் பழி கேட்கவில்லை என்பது வேறுபாட்டின் ஒரு பகுதி. அவளே எழுதினாள் என்பது இன்னொரு பகுதி.

தெற்கே, நாஞ்சில்நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் வழங்கும் வில்லுப்பாட்டு நீலிக்குச் சொந்தமான மேடை எனலாம். அங்கே கதை மன்றத்தில் தொடங்குவதில்லை. தாசிகுலப் பெண் ஒருத்தியிடம் பொருளையெல்லாம் இழந்த ஒருவனை அவள் தாய் விரட்டிவிட, அவள் உண்மையாகவே காதல்கொண்டு நகைகளோடு அவன் பின்னே நடக்கிறாள். காட்டுவழியில் அவள் களைத்து உறங்கும்போது, நகைக்காக அவன் அவளைக் கல்லால் கொல்கிறான். அருகில் நின்ற கள்ளிச்செடியே சாட்சி. அவன் பாம்பு தீண்டி இறக்கிறான். தங்கையைத் தேடி வந்த அண்ணனும் இறக்கிறான். அண்ணனும் தங்கையும் சோழனுக்கு நீலன், நீலி என்னும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்து, இரவில் கால்நடைகளைத் தின்று, காட்டில் விடப்படுகின்றனர். இத்தனைக்கும் பிறகே வணிகனும் எழுபதின்மரும் மேடைக்கு வருகின்றனர். நீலன் குடியிருந்த மரத்தை வெட்டியதால் அவ்வூரார்மீதும் அவளுக்குப் பழியுண்டு என்று சில பாடங்கள் கூறும்.

இவ்வடிவத்தைக் கேட்டவருக்குக் கள்ளிக்குழந்தை வெறும் மாயம் அன்று. கொலையைக் கண்ட ஒரே சாட்சியை இடுப்பில் ஏந்தியே அவள் மன்றுக்கு வருகிறாள். மன்றம் அச்சாட்சியைக் குழந்தை என நினைத்துக் கொஞ்சியது. சைவ வடிவத்தில் பொருளற்று நிற்கும் கள்ளிக்கொம்பு, கதையின் தொடக்கம் மீட்கப்பட்டவுடன் வழக்கின் நடுப்பொருளாகிவிடுகிறது.

அம்மரபில் நீலி இசக்கியம்மனோடு இணைத்து வழிபடப்படுகிறாள். யட்சி, இயக்கி ஆகி, இயக்கி இசக்கி ஆயிற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் அவள் கோயில் நெடுஞ்சாலையோரம் நிற்கிறது, சுற்றிலும் காற்றாலைகள். கையில் ஒரு குழந்தையும் பல்லிடையே ஒரு குழந்தையுமாக இசக்கியின் வடிவம் சமைக்கப்படுவதுண்டு. பிள்ளைவரம் வேண்டுவோரும் அவளிடமே வருகின்றனர். மண்ணுருவங்கள் நேர்ந்து வைக்கின்றனர். பழி தீர்த்தபின் அவளை என்செய்வது என்ற கேள்விக்கு நாட்டார் மரபின் விடை தெய்வமாக்குதல். ‘இரத்தக்காட்டேரி’ என ஆங்கிலச் சொல்லுக்கு நாம் வழங்கும் பெயரிலேயே காட்டேரி என்னும் தெய்வம் ஒளிந்திருப்பதும் இதனால்தான். தெய்வமாக்குதலை மன்னிப்பு என்றோ தண்டனை என்றோ வகுக்க முடியாது. அச்சமும் கடப்பாடும் கலந்து, ஆண்டுதோறும் கொடைவிழாவில் முதற்கொலையிலிருந்து கதையை மறுபடி பாடுவதாகச் செய்துகொண்ட உடன்படிக்கை அது.

முடிவைக் கேட்பவர் கையில் விடும் வழக்கம் கணினி வருமுன்னரே இருந்தது என்பதற்கு விக்கிரமாதித்தனின் தோளில் ஏறிய வேதாளம் சான்று. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் இடம்பெற்று, தமிழில் பெரிய எழுத்துப் பதிப்புகளாலும் ‘அம்புலிமாமா’வாலும் வீடுதோறும் புகுந்த கதை. ஒவ்வொரு கதையும் தீர்ப்பின்றி நிற்கும். விடை தெரிந்தும் சொல்லாவிடில் தலை சிதறும். சொன்னால் வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறும். ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் இதை ஆங்கிலமாக்கியபோது வேதாளத்தை ‘வேம்பயர்’ என்றே தலைப்பில் இட்டார். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வெளிவர இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன. கடைசிக் கேள்விக்கு அரசன் வாய்திறக்கவில்லை. அந்த மௌனத்தால் மகிழ்ந்த வேதாளம், அரசனையே பலியிட்டுப் பேராற்றல் பெற முனிவன் போட்டிருக்கும் திட்டத்தை வெளிப்படுத்துகிறது. கசடோரின் சடங்கை அறிந்தோர்க்கு இது பழக்கமான இடமாகவே தோன்றும். ஆயின் வேதாளத்தின் சொந்தத் துயரத்துக்கு அக்கதையில் தீர்ப்பு கேட்கப்படுவதில்லை. கேள்வி கேட்பவனாகவே அது நின்றுவிடுகிறது.

மலையாள மரபின் முடிவு கட்டுதல். ‘கள்ளியங்காட்டு நீலி’ என்ற பெயரில் கள்ளி மீண்டும் வருவதைக் காண்க. கள்ளியங்காடு இன்றைய நாகர்கோவிலை ஒட்டியது. வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு நெருங்கி உயிர்குடிக்கும் யட்சியைக் கடமற்றத்துக் கத்தனார் என்னும் கிறித்தவப் பாதிரியார் மந்திர ஆற்றலால் ஆணியடித்துக் கட்டினார் என்பது ஐதிகம். 1909 முதல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’ கத்தனாரின் கதைகளை எழுத்தில் நிலைப்படுத்தியது. கட்டப்பட்ட யட்சி வீட்டுவேலை செய்ய, தலைவாரிவிட்ட பெண் ஒருத்தி ஆணியைக் கண்டு பிடுங்க, அவள் விடுபட்டாள் என்ற பகுதி அதில் மிக நுட்பமானது. கட்டியவர் குருவானவர், அவிழ்த்தவள் தலைவாரியவள்.

டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா’ இங்கேதான் கைவைத்தது. கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற சந்திரா, மன்னனின் ஆட்களாற் குலமழிந்த பழங்குடிச் சிறுமியாய்த் தொடங்கிச் சாகாதவளாகிறாள். கத்தனார் அவளுக்கு ஆணியடிக்கவில்லை. அவள் ஆற்றலுக்கு ஒரு பயனைக் காட்டும் துணைவராகிறார். பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிரே வசிக்கும் இளைஞன் அவள்மீது காதல்கொள்கிறான். அவளோ தன் இருப்பை அவனிடமிருந்து மறைக்க வேண்டியவள். படம் சிறந்ததா என்பது வேறு வழக்கு. கதையின் தொடக்கத்தை அநீதியில் வைத்ததன் மூலம் அது அறிந்தோ அறியாமலோ வில்லுப்பாட்டின் பக்கம் நின்றது என்பதே வரலாற்றுக்குரிய செய்தி. அதே வேளையில், வில்லுப்பாட்டின் நீலியைப் பழிகொள்ள வைத்த காதல்துரோகத்தை அது கைவிட்டது. காதலித்தவனாலேயே கொல்லப்பட்டவள் என்ற நிலையிலிருந்து, அரசனால் அழிக்கப்பட்டவள் என்ற நிலைக்கு அவள் மாறினாள். பொதுப்பகைவன் ஒருவன் கிடைத்ததும் வீட்டுக்குள்ளிருந்த கொலையாளி மறைந்துவிட்டான்.

அஸ்டாரியனைப் பற்றிய வாதத்துக்கு இந்நெடிய வரலாற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கழுத்தருகே குனிந்த முதல் இரவிலேயே அவனைக் கொன்றவர் எழுபதின்மரின் மன்றத்தில் அமர்ந்திருப்பவர். அவருக்கு இருநூறு ஆண்டுகள் தெரியா, தெரியவும் வழியில்லை. அவன் அடிமைக்கதை முழுவதையும் கேட்டபின் சடங்கை மறுக்கச் சொல்பவர், முனிச்சந்திரரைப் போல, நினைவை விடுத்து நிலைபெறுக என்கிறார். சடங்குக்கு உடன்படுபவர் பழிக்கு உடன்படுகிறார். ஆனால் நீலியின் கணக்கில் இதற்கு இடமில்லை. நீலி கொன்றது கொன்றவனை. ஏழாயிரவர் அஸ்டாரியனுக்கு எத்தீங்கும் செய்தவரல்லர். பலர் அவனே ஏமாற்றி ஆண்டானிடம் கொண்டுசேர்த்தவர்கள். பழியின் அறத்தை மிகக் கடுமையாகப் பேணிய வில்லுப்பாட்டு மரபின்படி பார்த்தாலும் கசடோரின் உயிரோடு அவ்வழக்கு முடிகிறது. சடங்கு புதிய கடனைத் தொடங்கிவைக்கும். அக்கடனுக்கு ஏழாயிரம் நீலிகள் பிறப்பர். காதலுக்காக இதை ஏற்கலாம் என்போர், காதலித்தவரே காட்டேரிக்கு அடங்கியவராகும் முடிவையும் காதலின் நிறைவாகவே கொள்கின்றனர். வணிகனோடு அறைக்குள் வைத்துக் கதவடைத்ததும் சேர்த்துவைக்கும் நல்லெண்ணத்தினால்தான்.

விளையாட்டு வெளிவந்த சில மாதங்களில், 2023 நவம்பர் 30 அன்று, ஆறு திங்கள் கழித்துத் தோழர்கள் மீண்டும் கூடும் ஒரு பின்காட்சியை நிறுவனம் சேர்த்தது. நிழலைத் தேடி ஓடியவன் அதன்பின் என்னவானான் என்று கேட்டவர்களுக்கு அதனால் ஒரு விடை கிடைத்தது. வாதம் அதையும் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தது.

பெங்களூரும் இத்தகையதொரு வழக்கத்தை அறியும். 1990களில் இந்நகரிலும் கர்நாடகத்தின் பல ஊர்களிலும் ஒரு பேச்சுப் பரவியது. இரவில் ஒரு பேய் வந்து, வீட்டாருக்கு வேண்டியவர் குரலில் அழைக்கும். கதவைத் திறந்தால் சாவு. தனக்குரிய கணவனைத் தேடியலையும் மணப்பெண் அவள் என்றும் சொல்லப்பட்டது. அவளைக் கட்ட ஒரு கத்தனாரோ, வாதில் வெல்ல ஒரு முனிவரோ, பிணைநிற்க எழுபதின்மரோ நகரத்தில் இல்லை. மக்கள் கதவிலும் சுவரிலும் சாக்கட்டியால் ‘நாளெ பா’ என்று கன்னடத்தில் எழுதிவைத்தனர்: நாளை வா. அவள் வந்து, படித்து, திரும்பிச் சென்று, மறுநாளும் வந்து அதையே படிப்பாள் என்பது நம்பிக்கை. 2018இல் இந்தித் திரைப்படம் ‘ஸ்த்ரீ’ இவ்வழக்கத்தைத் தழுவிக்கொண்டபோது அவளுக்கு ஒரு முற்கதையும் எழுதப்பட்டது. பெங்களூரின் கதவுகளில் அவளுக்கு முற்கதை இல்லை. அவள் யாராயிருந்தாள், எவனைத் தேடுகிறாள் என்று கேட்க எவரும் கதவைத் திறக்கவில்லை. மழையில் எழுத்து அழிந்தால் மறுபடி எழுதினர்.